‘சிறுநீர்ப்பெருக்கி’க்கு மாற்றுச் சொல் உண்டா?

குழுவினருக்கு வணக்கம்.

நோயாளிகளுக்கான மருந்துக் குறிப்பேட்டில் ‘சிறுநீர்ப்பெருக்கி’ (diuretic, உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) இடிக்கிறது. சித்த மருத்துவத்தில் பழகிய சொல்தான், பிழையில்லை. ஆனால் இனிப்புநீர்க்காரர், “ராத்திரி நாலு தடவ எழும்புறேன், இன்னும் பெருக்கணுமா?” என்று மாத்திரையை ஒதுக்கிவிடுகிறார். தோட்டங்களில் புழங்கும் ‘உபாட் கென்சிங்’ (மலாயில் ‘சிறுநீர் மருந்து’) இன்னும் மோசம். நீர்க்கடுப்புக்கு மருந்து என்று எண்ணிக்கொள்கிறார்கள். ‘நீர்வடிப்பி’ என்றால் என்ன?

— தாதி, சுங்கை சிப்புட்

அக்கா,

வார்டில் ஏற்கெனவே ‘வடிகுழாய்’ இருக்கிறது. ‘வடிப்பி’ என்றால் குழாய் போடப் போகிறார்கள் என்று பயந்துவிடுவார்கள்.

‘உப்புநீக்கி’யையும் யோசித்தேன். இந்த வகை மருந்துகளான ஃபுருசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட் இரண்டும் சிறுநீரக நுண்குழல் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சாமல் தடுக்கின்றன. உப்பு போகும் வழியே நீரும் போகிறது. ஆனால் இதே வகையைச் சேர்ந்த மானிட்டால் உப்பைத் தடுத்து வேலை செய்வதில்லை, தானே குழலுக்குள் தங்கி நீரைப் பிடித்து வைக்கிறது. அதனால் பொதுப்பெயரில் உப்பு வேண்டாம். ‘நீரிறக்கி’ பொருந்துமா?

— மருந்தாளர், அதே ஊர்

தம்பி,

பொருந்துகிறது. வீக்கம் இறங்குச்சு, எடை இறங்குச்சு, பிரஷர் இறங்குச்சு என்றுதானே பேசுகிறோம்? மூன்றுக்கும் ஒரே வினை. கள் இறக்குவது தெரிந்த ஊருக்கு விளக்கமே வேண்டாம்! அளவுக்கு மீறி இறங்கும் ஆபத்தும் அதே சொல்லில் அடங்கிவிடுகிறது.

குறிப்பேட்டில் இப்படி வைத்துப் பார்த்தேன்:

“நீரிறக்கியைக் காலையில் போடவும். இரண்டு வேளை என்றால் இரண்டாவது பிற்பகல் 2 மணிக்கு. அதற்கு மேல் தள்ளினால் தூக்கம் கெடும். ஃபுருசமைட் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், சுமார் 6 மணி நேரம் நிற்கும். விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், மர நிரையில் ஒதுங்க இடமில்லை என்று மாத்திரையை விட்டுவிட வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் போடலாம். தினமும் சிறுநீர் கழித்த பின், பசியாறுமுன், அதே தராசில் எடை பார்க்கவும். 3 நாளில் 2 கிலோ ஏறினால் கிளினிக்குக்கு வரவும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் கேட்கவும். மூட்டுவலிக்கு டைக்லோஃபினாக்கைச் சொந்தமாக வாங்கிப் போடவேண்டாம்: அது மருந்தின் வேலையைக் குறைக்கும், பிரஷர் மருந்தான பெரிண்டோபிரிலும் சேர்ந்தால் சிறுநீரகத்தையே கெடுக்கும்.”

தாதியர் பக்கத்துக்கு: 5 நிமிடம் படுக்க வைத்து பிரஷர் எடுத்து, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் மீண்டும் எடுக்கவும். மேல் எண் 20 இறங்கினால் டாக்டரிடம் சொல்லவும். இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 mmol/L-க்குக் கீழ் போனால், டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவருக்கு இதயத் துடிப்பு தடுமாறலாம். ஃபுருசமைட்டை நரம்பில் ஏற்றும்போது நிமிடத்துக்கு 4 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வேகமாகத் தள்ளினால் காது இரையும், கேட்கும் திறனே போகலாம்.

அக்கா,

சரி, ‘நீரிறக்கி’யே இருக்கட்டும். ஸ்பைரோனோலாக்டோனுக்கு மட்டும் ‘பொட்டாசியம் காக்கும்’ என்ற அடைமொழி வேண்டாம். ‘காக்கும்’ என்றால் நல்லது என்று இளநீரும் வாழைப்பழமும் கூட்டிவிடுவார்கள். இதில் பொட்டாசியம் ஏறுவதுதான் பயம். பெரிண்டோபிரில் கூட இருந்தால் இரட்டிப்பு. ‘பொட்டாசியம் தேக்கும் நீரிறக்கி’ என்று எழுதுங்கள். தேங்கினால் நிரம்பி வழியும் என்பது யாருக்கும் புரியும். உப்புக்கு மாற்றாக விற்கும் ‘குறைந்த சோடியம் உப்பு’ பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். அதையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.