டிரெயின் போல்ட் மரை போய்விட்டது, சம்ப் மாற்றாமல் சரிசெய்ய முடியுமா?

கோவை_சிட்டி:
வணக்கம். வண்டி ஹோண்டா சிட்டி, 2012 மாடல், பெட்ரோல். போன முறை வெளியில் ஒரு கடையில் ஆயில் மாற்றியபோது டிரெயின் போல்ட்டை (பழைய ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் போல்ட்) ஏர் கன் வைத்து இறுக்கினார்கள். அன்றிலிருந்து வண்டி நிற்கும் இடத்தில் ஆயில் கறை. 17 ஸ்பானர் போட்டு லேசாக இறுக்கிப் பார்த்தேன். பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழன்றும் வரவில்லை. கடையில் கேட்டால் சம்ப்பையே, அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியையே, மாற்றச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் டெஃப்லான் டேப் சுற்றி மேலே எம்சீல் அப்பினால் போதும் என்கிறார். அதுவரை வண்டியை ஓட்டலாமா?

ஆயில்கேன்:
ஓட்டாதீர்கள். சொட்டுவது பெரிய விஷயம் இல்லை, அந்த போல்ட் ஓடும்போது விழுந்தால்தான் ஆபத்து. இந்த இன்ஜினில் இருப்பதே மூன்றரை லிட்டர் சொச்சம், அத்தனையும் கண் மூடித் திறப்பதற்குள் ரோட்டில் இருக்கும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அது அளவைக் காட்டும் விளக்கு அல்ல. பிரஷர் விழுந்த பிறகுதான் எரியும், அதற்குள் பேரிங் காய ஆரம்பித்திருக்கும்.

டெஃப்லான், எம்சீல் இரண்டும் வேண்டாம். அங்கே ஆயிலைத் தடுப்பது மரை இல்லை, போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் வாஷர். வாஷரை அழுத்திப் பிடிக்க மரை இல்லாதபோது டேப் சுற்றி என்ன பயன்? ஆயில் ஊறிய அலுமினியத்தில் எம்சீலும் ஒழுங்காக ஒட்டாது.

லேத்_பட்டறை:
சம்ப் மாற்றுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் போல்ட்டை வெளியே எடுங்கள். தலைக்கும் சம்ப்புக்கும் நடுவில் தட்டையான ஸ்க்ரூடிரைவர் கொடுத்து லேசாக நெம்பியபடியே ஸ்பானரைச் சுற்றினால் வந்துவிடும். வாஷர் உட்காரும் முகத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

வெளியே வந்த போல்ட்டைப் பாருங்கள். மரை இடுக்கில் வெள்ளையாக அலுமினியம் சுற்றியிருந்தால் சம்ப் பக்கத்து மரை போய்விட்டது. போல்ட் மரையே மழுங்கியிருந்து துளை நன்றாக இருந்தால் புது போல்ட், புது வாஷர், வேலை முடிந்தது. அப்படியே ஒரு காந்தத்தையும் சம்ப்பில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு, உள்ளே நட் வெல்ட் செய்திருப்பார்கள், அதற்கு வைத்தியம் வேறு.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. சில சம்ப்பில் துளையின் மரை, போல்ட் நீளத்தைவிட ஆழமாக இருக்கும். கெடுவது போல்ட் எட்டிய பகுதி மட்டும்தான். கம்பி முனையைக் கொக்கி மாதிரி வளைத்து உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நாலைந்து மரையாவது நன்றாகத் தட்டுப்பட்டால் கொஞ்சம் நீளமான போல்ட் போட்டே தப்பிக்கலாம். அளவு 14-க்கு 1.5 பிட்ச், அதாவது 14 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி.

கோவை_சிட்டி:
நன்றி அண்ணா. எடுத்துவிட்டேன். போல்ட்டோடு அலுமினியம் ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டு வந்தது. காந்தம் ஒட்டவில்லை. கம்பி விட்டதில் உள்ளே கடைசியில் ஒரு மரையோ இரண்டோதான் தட்டுப்படுகிறது.

பழைய_டீசல்:
இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? ஓவர்சைஸ் போல்ட் கிடைக்கிறது ப்ரோ. தானே மரை வெட்டிக்கொண்டு போகும். நடுவில் குட்டி போல்ட் இருக்கும், அடுத்த முறை அதை மட்டும் கழற்றி ஆயில் விடலாம். என் பழைய வண்டியில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

லேத்_பட்டறை:
உங்கள் வண்டியில் இரும்பு சம்ப்பாக இருந்திருக்கும். அலுமினியத்தில் அது கொஞ்சம் கோணலாக ஏறினாலும் துளையைச் சுற்றியுள்ள தடிப்பு விரிசல் விடும். விரிசல் விட்டால் ஆர்கான் வெல்டிங்கோ புது சம்ப்போதான், வேறு வழியில்லை. அந்தக் குட்டி போல்ட் வழியே ஆயில் வடிய அரை நாள் ஆகும் என்பது தனிக்கதை.

ஆயில்கேன்:
ஹெலிகாயில்? துளையில் புதிதாக மரை வெட்டி உள்ளே ஏற்றும் சுருள். சம்ப் கழற்றாமல் வண்டியிலேயே போடலாமே. மரை வெட்டும் டேப்பின் இடுக்கில் கிரீஸ் அப்பிக்கொண்டால் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கொஞ்சம் மலிவு ஆயில் ஊற்றிக் கழுவி விடலாம்.

லேத்_பட்டறை:
போடலாம், போட்டவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு டேப்பை நேராகப் பிடிப்பது லேசு இல்லை. கோணலாக வெட்டினால் வாஷர் ஒரு பக்கம்தான் உட்காரும், திரும்பவும் சொட்டும். ஃபில்டர் இருக்கிறதே, துகள் போனால் என்ன என்று கேட்பார்கள். ஆயில் போகும் வழியைப் பாருங்கள்: சம்ப்பில் இருந்து சல்லடை, அதன் பிறகு பம்ப், அதற்குப் பிறகுதான் ஃபில்டர். சல்லடையில் நுழையும் அளவு பொடி முதலில் பம்ப்பைத்தான் உரசும்.

ஹெலிகாயில் என்பது சுருள் கம்பி. ஒருமுறை பூட்டினால் தொடவே தேவையில்லாத இடத்துக்கு அதைவிட நல்லது இல்லை. இது ஒவ்வொரு சர்வீஸுக்கும் கழற்றுகிற போல்ட். என்றாவது போல்ட்டோடு சேர்ந்து சுருளும் கழன்று வரும். போடுவதென்றால் அடியில் இருக்கும் நாக்கை உடைத்து வெளியே எடுக்க மறக்கக் கூடாது, சம்ப்புக்குள் விழுந்துவிடும்.

நான் செய்வது புஷ், அதாவது உள்ளும் வெளியும் மரை உள்ள இரும்புக் குழல். சம்ப்பைக் கழற்றிக் கொண்டுவாருங்கள். வெளியே 18 மி.மீ., உள்ளே 14 மி.மீ. மரை வைத்து, அடியில் காலர் விட்டு இரும்பில் கடைவோம். டைம்செர்ட் என்று விற்பதும் இதே யோசனைதான், கிட் விலைதான் கூடுதல். தடிப்பின் சுவர் எவ்வளவு கனம் என்று அளந்துவிட்டுத்தான் 18 போகலாமா என்று முடிவு செய்ய வேண்டும். புஷ்ஷின் வெளிமரையில் சிவப்பு லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு ஏற்றி, காலர் முகத்தை மட்டமாகக் கடைந்துவிட்டால் வாஷர் புது சம்ப் மாதிரி உட்காரும். இனி இரும்போடு இரும்பு, சீக்கிரம் போகாது.

கோவை_சிட்டி:
நிலவரம் சொல்கிறேன். வண்டியைக் கட்டி இழுத்துத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். சம்ப் லிக்விட் கேஸ்கெட்டில் (பசை மாதிரி அப்பிக் காயவிடுவது) ஒட்டியிருந்ததால் அதைப் பிரிப்பதுதான் பெரிய பாடாக இருந்ததாம். நெம்பி எடுத்தால் விளிம்பு வளையும் என்று மெல்லிய பிளேடு விட்டு அறுத்தே எடுத்தார். இங்கே கோவை கணபதியில் ஒரு லேத்தில் நீங்கள் சொன்னபடியே புஷ் போட்டாயிற்று. சல்லடையில் அலுமினியப் பொடி கொஞ்சம் இருந்தது, கழுவியாயிற்று. பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதுசு போட்டு, ஒரு ராத்திரி காயவிட்டு ஆயில் ஊற்றினோம். ஃபில்டரும் புதுசு. இதுவரை சொட்டு இல்லை. எல்லாம் சேர்த்தும் புது சம்ப் விலையில் பாதிகூட ஆகவில்லை.

போல்ட்டை எவ்வளவு இறுக்குவது? இப்போது மெக்கானிக் கையால்தான் இறுக்கினார்.

லேத்_பட்டறை:
டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இருந்தால் 40 நியூட்டன் மீட்டர். இல்லையென்றால் சின்ன ஸ்பானரில் வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும், அதற்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். அலுமினிய வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். பழைய வாஷரையே போட்டுவிட்டு, சொட்டுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கித்தான் பாதி சம்ப் என்னிடம் வருகிறது.

பழைய_டீசல்:
டொயோட்டாவுக்கும் இதே 14 தானா அண்ணே? மச்சான் வண்டியிலும் இதே மாதிரி சுற்றுகிறது.

லேத்_பட்டறை:
பெரும்பாலும் 12-க்கு 1.25. கழற்றி அளந்துவிட்டு வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்க்க மறக்காதீர்கள்.