வீட்டிலேயே தோட்டா நிரப்பிப் பழகலாமா? எல்லையோரத்திலிருந்து ஒரு கேள்வி

மீன்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எனக்குச் சொந்த ஊர் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். பல வருஷம் டெக்சாஸில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அங்கே எனக்கு இருந்த பொழுதுபோக்கு தோட்டா நிரப்புவது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, பழைய கேப்பை (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டி எடுத்து, டை என்கிற இரும்பு அச்சில் விட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை உட்கார வைப்பது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசு உரிமம் தேவையில்லை. செய்து விற்றால்தான் உரிமம்.

அப்பாவின் 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி முறைப்படி என் பேருக்கு உரிமம் மாறி வந்திருக்கிறது. கடையில் தோட்டா கேட்டால் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் மாசக்கணக்கில் வராது. அதனால் ஒரு சின்ன பிரஸ் (தோட்டா நிரப்பும் கை இயந்திரம்) வாங்கிப்போட்டு இங்கேயும் தொடங்கலாம் என்று யோசிக்கிறேன். என் கருத்து இதுதான்: தோட்டா நிரப்பத் தெரிந்தவன் துப்பாக்கியை மற்றவனைவிடக் கவனமாகக் கையாள்வான். உள்ளே என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய_வக்கீல் எழுதியது:

தம்பி, பிரஸ்ஸுக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது பிரிவு 3-இன் கீழ் வரும் உரிமம். துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், அதில் எழுதியிருக்கும் அளவுக்குத் தோட்டா வாங்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தோட்டா தயாரிப்பது பிரிவு 5. அது தனி உரிமம். ஒன்றை வைத்து மற்றதைச் செய்ய முடியாது.

இன்னொன்று. ‘அம்யூனிஷன்’ (தோட்டா வகை) என்று சட்டம் எதையெல்லாம் சொல்கிறது என்பது பிரிவு 2-இல் இருக்கிறது. தோட்டாவின் பாகங்களும் அதில் சேர்த்தி. தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் சேர்த்தி. அதாவது, ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லாமல் வெறும் பிரஸ்ஸை மேஜையில் பொருத்தி வைத்திருந்தாலே கேள்வி வரும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்குப் பிரிவு 10 இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தயாரித்தால் குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம், ஆயுள்வரை போகலாம். பொழுதுபோக்கு என்று சொன்னால் எந்த நீதிமன்றமும் கேட்காது.

குப்பம்_ரோடு எழுதியது:

வக்கீல் ஐயா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் ஒரு நியாயம் கேட்கிறேன். நான் ஆந்திரா எல்லை, வி.கோட்டா பக்கம். எங்கள் பக்கம் உரிமம் உள்ள நாட்டுத் துப்பாக்கி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வாய்ப்பக்கம் கரிமருந்தைக் கொட்டி, தக்கை வைத்துக் குச்சியால் இடித்து, ரவை என்கிற சின்ன ஈயக்குண்டுகளைப் போட்டு, மறுபடி தக்கை வைத்து, மேலே கேப் மாட்டிச் சுடுவது. ஒவ்வொரு வெடிக்கும் மருந்து அளப்பது அந்தப் பெரியவர்தான். ஒரு சின்ன மூங்கில் குழாய்தான் அளவு. அதை அனுமதிக்கிற நாட்டில், எலக்ட்ரானிக் தராசு வைத்து, கையேட்டைப் பார்த்து, மேஜையில் உட்கார்ந்து நிதானமாகச் செய்கிறவரைக் குற்றவாளி என்பது என்ன கணக்கு? எது ஆபத்து குறைந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்தில் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் (பரம்பரை நில உரிமை உள்ளவர்கள்) உரிமமே தேவையில்லை என்று மத்திய அரசு விலக்கு கொடுத்து 2029 வரை நீட்டியிருக்கிறது. மனிதனை நம்பலாம் என்று அரசாங்கம் நினைத்தால் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பழைய_வக்கீல் எழுதியது:

நியாயமான கேள்வி. பதில் இரண்டு. நாட்டுத் துப்பாக்கியில் மருந்து போடுவது அந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தும் முறையே. சுட்டவுடன் தீர்ந்துவிடும், தயாரித்து அடுக்கிவைக்க ஒன்றும் இல்லை. நிரப்பிய தோட்டா அப்படியில்லை. பெட்டி பெட்டியாகச் சேரும், கைமாறும், யார் செய்தது என்று அதன்மேல் எழுதியிருக்காது. காவல்துறையின் கவலை அதுதான், அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

குடகு விலக்கு வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும்தான். தயாரிக்க அல்ல.

ட்ராப்_கோவை எழுதியது:

அண்ணா, சட்டத்தை ஐயா பார்த்துக்கொள்வார். நான் ரேஞ்சில் சுடுகிறவள் என்ற முறையில் கேட்கிறேன்: யாருக்காக இது? நம்மூர் ரைபிள் கிளப்பில் பெரும்பாலோர் சுடுவது .22. அதன் கேப் மருந்து தனியாக இல்லை, கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே பூசியிருக்கிறது. ஊசி அடித்து விளிம்பு நசுங்கினால் அந்தக் கூடு முடிந்தது. அதை வீட்டில் மறுபடி நிரப்புவது நடக்கிற காரியமே இல்லை. மீதிப் பேர் ஏர் ரைபிள். அதில் மருந்தே கிடையாது. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப் போட்டிக்கு 24 கிராம் ரவைதான் விதி, எல்லோரும் கம்பெனித் தோட்டாவைத்தான் சுடுகிறோம். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால்தான்.

புதிதாக வருகிற பிள்ளைகள் இதையெல்லாம் படித்துவிட்டு, துப்பாக்கி விளையாட்டு என்றால் மேஜையில் மருந்து அளப்பது என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

மீன்கரை எழுதியது:

தங்கச்சி, .22 பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நான் சொல்வது நடுக்கேப் தோட்டாக்களைப் பற்றி, அதாவது கேப் அடியின் நடுவில் தனியாக இருப்பவை. அதிலும் எல்லாக் கூடும் ஆகாது. ‘பாக்ஸர்’ கேப் என்றால் அடியில் நடுவே ஒரே துளை, ஒரு ஊசி விட்டால் பழைய கேப் வந்துவிடும். ‘பெர்டான்’ என்றால் இரண்டு சின்னத் துளை, நடுவில் மேடு, ஊசி போகாது. பாக்ஸரைக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேயர், பெர்டானைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கர். ஆனால் இன்றைக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் பாக்ஸர் கேப்தான்.

யாருக்காக என்று கேட்டாயே, பழைய 12 போர் வைத்திருப்பவர்களுக்காக. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ. இன்று கடையில் வருவது பெரும்பாலும் 70 மி.மீ. எழுதியிருக்கும் அளவு சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் நீளம். வாய் மடிந்திருக்கும்போது அது குட்டையாக இருக்கும், அதனால் 65 அறைக்குள் சிரமமில்லாமல் நுழைந்துவிடும். நம் ஆளும் ‘பொருந்துகிறதே’ என்று மூடிவிடுவார். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லை. விரிந்த வாய் குழலின் குறுகலுக்குள் போய் நிற்கும், ரவையும் தக்கையும் அதைப் பிதுக்கிக்கொண்டு போகும், அழுத்தம் ஏறும். பழைய குழல், பழைய பூட்டு. இது தெரியாமலே சுட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் நம் பக்கம் இருக்கின்றன. தோட்டா நிரப்பக் கற்றுக்கொண்டதால்தான் எனக்கு இது தெரியும். குட்டைக் கூடு, மென்மையான மருந்து, குறைந்த ரவை என்று அந்தத் துப்பாக்கிக்கேற்ற தோட்டாவைச் செய்துகொள்ள முடியும்.

ட்ராப்_கோவை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னதிலேயே என் பதில் இருக்கிறது. அறை அளவைத் தெரிந்துகொள்ளப் பிரஸ் வேண்டாம். நல்ல துப்பாக்கி ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய் அளந்தால் போதும். 65 என்றால் 65-க்குரிய தோட்டாவை மட்டும் தேடி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அதைச் சுடாமல் வையுங்கள். தெரிந்துகொள்வது வேறு, செய்வது வேறு.

தோப்பு_வீடு எழுதியது:

நான் வடகரப்பதி. துப்பாக்கி உரிமம் உண்டு, பஞ்சாயத்தின் பன்றி சுடும் பட்டியலிலும் பேர் உண்டு. 2022-இல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவருக்கே அனுமதி கொடுக்கும் அதிகாரம் கொடுத்தது. உத்தரவு நல்ல உத்தரவு. விஷம், வெடி, மின்சாரம் எதுவும் வைக்கக் கூடாது, உரிமம் உள்ளவர் துப்பாக்கியால்தான் சுட வேண்டும். சரி, சுடத் தோட்டா எங்கே? ராத்திரி பத்து மணிக்கு நிலக்கடலைக் காட்டில் பன்றிக்கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் ஏக்கர் கணக்கில் உழுதுவிட்டுப் போய்விடும். ஃபோன் வருகிறது, டார்ச்சை எடுத்துக்கொண்டு போகிறேன், பையில் இருப்பது நாலு எல்.ஜி. தோட்டா (பெரிய ரவை போட்டது). அதையும் தீர்த்துவிட்டால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

பொள்ளாச்சி, கோவைப் பக்கம் கடையில் கேட்கலாம் என்றால், என் உரிமம் கேரளாவுக்குள் மட்டும்தான். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் நானே குற்றவாளி. மீன்கரை அண்ணன் சொல்வதுபோல் நாமே நிரப்பிக்கொள்ள வழி இருந்தால் விவசாயிக்கு அது பெரிய உதவி. பொழுதுபோக்கு என்று யாரும் லேசாகப் பேச வேண்டாம்.

பழைய_வக்கீல் எழுதியது:

உங்கள் கஷ்டம் உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு பஞ்சாயத்துப் பட்டியலில் உள்ளவர்களுக்குத் தோட்டா ஒதுக்கீடு கேட்பதும், உரிமத்தில் எல்லை அளவை விரிவாக்கக் கேட்பதும். இரண்டுக்கும் மனு கொடுக்கலாம், கொடுத்தால் கலெக்டரேட்டில் பதில் சொல்லியாக வேண்டும். பன்றிக்காக வீட்டில் மருந்து வைத்திருந்தேன் என்று சொன்னால், மலையோரத்தில் அவுட்டுக்காய் (தீனிக்குள் ஒளித்த வெடி) வைக்கிறவர் கணக்கில்தான் உங்களையும் சேர்ப்பார்கள். காட்டையொட்டிய ஊர்களில் வனத்துறை எவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நகை_பட்டறை எழுதியது:

நான் துப்பாக்கி ஆள் இல்லை, புத்தூர்ப் பக்கம் நகைத் தொழில். மருந்தைத் தராசில் நிறுப்பது என்று வந்ததால் கேட்கிறேன். எவ்வளவு நுட்பமாக நிறுக்க வேண்டும்?

மீன்கரை எழுதியது:

மருந்தைக் ‘கிரெயின்’ கணக்கில் நிறுப்போம். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்குவரை பார்ப்போம். சமையலறைத் தராசு எதற்கும் உதவாது, உங்கள் பட்டறைத் தராசு ரகம்தான் வேண்டும். புகையில்லா மருந்து கரிமருந்து மாதிரி இல்லை, கொஞ்சம் கூடினாலும் அழுத்தம் அந்த விகிதத்தில் ஏறாது, தாவி ஏறும். மருந்து, கேப், கூடு, தக்கை, ரவை எல்லாம் கையேட்டில் எப்படிச் சேர்த்துக் கொடுத்திருக்கிறதோ அப்படியே. ஒன்றை மாற்றினாலும் அது வேறு தோட்டா.

நகை_பட்டறை எழுதியது:

அப்படியானால் ஒன்று சொல்கிறேன். பட்டறையில் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்போம். ஃபேன் ஓடினால் கடைசி எண் நிற்காது. நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். அந்தக் காற்றில் ஜன்னல் திறந்திருந்தால் எண் மேலும் கீழும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஜன்னலைச் சாத்தினால் ஈயத்தூசி வீட்டுக்குள் சுற்றும். என் தொழிலில் ஈயம், காட்மியம் பட்டு உடம்பு கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்த அறையில் செய்யாதீர்கள்.

மீன்கரை எழுதியது:

நல்ல கருத்து. சுட்ட கேப்பின் கரியிலும் ஈயம் உண்டு, கூட்டைச் சுத்தம் செய்யும்போதுதான் அது அதிகம் பறக்கும். தனி அறை, ஈரமாகக் கழுவுவது, அங்கே சாப்பாடும் டீயும் கூடாது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. அங்கே இருந்தபோது இதெல்லாம் கட்டாயம்.

குப்பம்_ரோடு எழுதியது:

ஒருவர் தவறாக நிரப்பினால் என்ன ஆகும்? அதையும் பேசிவிடுவோம். ஆதரிக்கிறவன் நான்தான், அதனால் நானே கேட்கிறேன்.

ட்ராப்_கோவை எழுதியது:

ரேஞ்சில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பெனித் தோட்டாதான், ஈரம் பட்டுக் கெட்டது. ‘டமார்’ என்று வராமல் ‘டப்’ என்று ஒரு மந்தமான சத்தம், தோளில் உதையே இல்லை. சுட்டவர் அடுத்த குழலுக்கு விரலை மாற்றப் போனார். பயிற்சியாளர் கத்தி நிறுத்தினார். துப்பாக்கியை மடக்கி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் பார்த்தால் இருட்டு. தக்கை பாதி வழியில் நிற்கிறது. அந்தக் குழலில் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், இல்லையென்றால் கிழிந்திருக்கும். முன்கை இருப்பதே அதற்குப் பக்கத்தில்தான். தொழிற்சாலைத் தோட்டாவிலேயே இது நடக்கிறது. மருந்து போட மறந்த தோட்டாவிலும் இதேதான் நடக்கும், இரண்டு முறை போட்டுவிட்டால் இதைவிட மோசம். வீட்டில் நிரப்பும்போது அந்தப் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

மீன்கரை எழுதியது:

அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் பிரஸ்ஸில் தொடங்க வேண்டும் என்கிறார்கள். எல்லாக் கூட்டிலும் மருந்து போட்டபின் பலகையில் வரிசையாக நிறுத்தி, மேலிருந்து டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மட்டம் பார்ப்பது. ஃபோன், டீவி, பேச்சுத்துணை எதுவும் இல்லாமல். பயம் இருக்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை தங்கச்சி. பயத்தை ஒழுங்காக மாற்ற முடியும் என்பது என் நம்பிக்கை, முடியாது என்பது உன்னுடையது.

ஐயா, ஒரு கேள்வி. அப்பாவின் தகரப்பெட்டியில் துப்பாக்கியோடு ஒரு சின்னக் கருவி கிடைத்தது. மேஜை ஓரத்தில் திருகி மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் அட்டைத் தோட்டாவின் வாயை உள்பக்கமாக மடிக்கும். பழைய எஸ்டேட் காலத்துச் சாமான். கூடவே பித்தளைக் கூடுகள் கொஞ்சம். இதை என்ன செய்வது?

பழைய_வக்கீல் எழுதியது:

கேட்டது நல்லது. அதைத் தொடாமல் அப்படியே வையுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம்: தகப்பனார் சொத்தோடு வந்தது, படம் இணைத்திருக்கிறேன், வைத்துக்கொள்ளலாமா, ஒப்படைக்க வேண்டுமா என்று கேளுங்கள். அதே கடிதத்தில் இரண்டாவது பத்தியாக, சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப அனுமதி கோர முடியுமா, எந்தப் படிவம் என்றும் கேளுங்கள். மூன்றாவதாக, உரிமத்தின் எல்லையைத் தமிழ்நாட்டுக்கும் விரிவாக்கக் கோருங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். என் அனுபவத்தில் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றுதான் வரும். வந்தாலும் எழுத்தில் வரட்டும்.

குப்பம்_ரோடு எழுதியது:

‘இல்லை’ என்று வந்தால் மேல்முறையீடு உண்டுதானே ஐயா? பிரிவு 18 என்று படித்த ஞாபகம்.

பழைய_வக்கீல் எழுதியது:

உண்டு. பிரிவு 18 தான். போட்டுப் பாருங்கள், நான் எதிர்க்க மாட்டேன். பதில் வரும்வரை பிரஸ் வாங்கக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை.

தோப்பு_வீடு எழுதியது:

அந்தக் கடிதத்தின் மூன்றாவது பத்தியை எனக்கும் அனுப்புங்கள் மீன்கரை அண்ணா. பட்டியலில் உள்ள எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தோட்டா ஒதுக்கீட்டையும் சேர்த்துக் கேட்கிறோம். திங்கட்கிழமை பஞ்சாயத்து ஆபீஸில் பார்க்கலாம்.