இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் வரைக்கும் போனவங்க அனுபவத்த சொல்லுங்க

என் தம்பிக்கு நடந்தத எழுதறேன், ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப நெனச்சாலும் கை நடுங்குது. ராத்திரில லைட் இல்லாம நின்ன டிராக்டர் டிப்பர்ல நேரா போய் மோதிட்டான். ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சது, ஆனா பெட்ரோல் டேங்க் கவட்டில வந்து இடிச்சிருக்கு. வெளில சொட்டு ரத்தம் இல்ல, முகம் மட்டும் வெளுத்துப்போய் வேர்த்து ஊத்துது, தண்ணி தண்ணின்னு கேக்கறான். சுத்தி நின்னவங்க தூக்கி உட்கார வைக்கப் போனாங்க, அதுக்குள்ள 108 வந்துருச்சு. அதுல வந்த பையன் யாரையும் தொட விடல, பெட்ஷீட்ட மடிச்சு அடியில கொடுத்து, தொடை பக்கவாட்டுல புடைச்சிருக்கும்ல ஒரு எலும்பு, அதுக்கு நேரா இறுக்கிக் கட்டினான், ரெண்டு முட்டியையும் சேர்த்துக் கட்டினான். பெல்ட் போடுற இடத்துல கட்டுப்பான்னு நான் கத்தறேன், அங்க கட்டினா விரிஞ்ச எலும்பு மூடாதுண்ணேங்கறான்.

டாக்டர் எக்ஸ்ரேவ ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு காட்டினப்பதான் புரிஞ்சுது. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு எலும்பு, பின்னாடி முதுகுத்தண்டோட அடி எலும்பு, மூணும் சேர்ந்து ஒரு வளையம். முன்னாடி ரெண்டும் சேர்ற இடம் 4 செ.மீ. விரிஞ்சு கிடக்கு, பொதுவா 2.5 செ.மீ.க்கு மேல போனாலே பிளேட் வைப்பாங்களாம். புஸ்தகம் மாதிரி விரிஞ்சிருக்கு, விரிய விரிய உள்ள லிட்டர் கணக்குல ரத்தம் தேங்கும்னார். 6 யூனிட் ஏத்தினாங்க. மூத்திரம் வர்ற வழில ரத்தம் தெரிஞ்சதால அந்த வழியா டியூப் போடாம அடிவயித்துல ஓட்டை போட்டு வச்சாங்க. அன்னிக்கே வெளில கம்பி மாட்டி, 6ஆவது நாள் முன்னாடி பிளேட், பின்னாடி நீளமா ரெண்டு ஸ்க்ரூ. எங்க பெரியப்பா எண்ணெய்க்கட்டு போட்டா போதும்னு ஒத்தக்கால்ல நின்னார், நல்லவேளை அம்மா அசையல.

10 வாரம் இடது கால ஊன விடல, ரத்தம் கட்டாம இருக்க வயித்துல தினம் ஊசி. இன்னொண்ணு, கல்யாணமானவன், தாம்பத்யத்துல பிரச்சினை இருந்திருக்கு, நாலு மாசம் யார்கிட்டயும் சொல்லாம மனசுக்குள்ளயே புழுங்கியிருக்கான். இந்த அடில அது சகஜம், வைத்தியமும் இருக்கு, தயவுசெஞ்சு வெக்கப்படாம டாக்டர்ட்ட கேளுங்க.

*

அண்ணா, எங்கம்மாவுக்கு வேற மாதிரி. 74 வயசு, பாத்ரூம்ல வழுக்கி உட்கார்ந்துட்டாங்க, முன்பக்க எலும்புல ரெண்டு எடத்துல விரிசல். ஆபரேஷனே வேண்டாம்னுட்டாங்க, மூணாம் நாள் வாக்கர கையில கொடுத்து நடங்கம்மான்னப்ப எனக்கு அவ்ளோ கோவம். படுத்தே கிடந்தா முதுகுல புண்ணு வரும், நெஞ்சுல சளி கட்டும், வளையம் நகராம இருக்கறதால நடக்கலாம்னு அந்த மேடம் பொறுமையா சொன்னாங்க. எலும்பு வலுவுக்கும் தனியா டெஸ்ட் எடுத்து மருந்து ஓடுது. ஒன்றரை மாசத்துல சமையக்கட்டுக்கு வந்துட்டாங்க.

*

எனக்கு தொடை எலும்பு உட்கார்ற கிண்ணம் உடைஞ்சுது. கார்ல முன்சீட்டு, முட்டி டேஷ்போர்டுல இடிச்சு மூட்டு பின்னாடி கழண்டுருச்சு. அன்னிக்கு ராத்திரியே மயக்கம் கொடுத்து உள்ள தள்ளிட்டாங்க, அஞ்சாம் நாள் பிளேட். வலிய விட பாதம் தூக்க வராததுதான் என்னை உடைச்சுருச்சு, பின்னாடி போற நரம்பு இழுபட்டிருக்குன்னாங்க. பாதத்துக்கு பட்டை மாட்டிக்கிட்டு எட்டு மாசம் பிசியோ. இப்ப செருப்பு கழலாம தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்ட்டு வரேன்.