தகரத்தில் மழை அடிக்கும்போது என்ன எழுதுவது?

(தோட்டத்து லயத்தில் அம்மாயி பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதும் எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு. மாமாவும் சித்தியும் "அம்மா" என்பதும் அக்காவும் தம்பியும் "அம்மாயி" என்பதும் ஒருவரைத்தான்.)

*ஹட்டன் மாமா*
மகள், அம்மா பேசிய பதிவை எழுதிக்கொண்டு இருக்கிறேன். தோட்டத் தமிழரில் யார் எந்த நாட்டுக்கு என்று இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியம்மா குடும்பம் இந்தியாவுக்குப் போன கதை. சரியாக அந்த இடத்தில் மழை பிடித்துவிட்டது, கூரைத் தகரத்தில் அடிக்கிற அடியில் ஒரு வசனம் முழுவதும் போய்விட்டது. "தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள்" என்று இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அப்படித்தானே சொல்லியிருப்பார்?

*அக்கா*
மாமா, தயவுசெய்து அந்த வசனத்தை எடுத்துவிடுங்கள். தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், அது எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். ஆனால் அம்மாயி அந்த இடத்தில் கப்பலைச் சொன்னாரா, ஸ்டேசனில் கட்டிப்பிடித்து அழுததைச் சொன்னாரா, நமக்கு எப்படித் தெரியும்?

*அக்கா*
மழை பேச்சை மூடத் தொடங்கிய நேரம், விட்ட நேரம் இரண்டையும் போட்டு [மழை, பேச்சு கேட்கவில்லை] என்று எழுதுங்கள். அரைகுறையாகக் கேட்கிற சொல் என்றால் சொல்லை எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி.

*பண்டாரவளை சித்தி*
எனக்கு வேறு பிரச்சினை. நான் எல்லாச் சத்தத்தையும் எழுதினேன், இப்போது பக்கம் முழுக்க [நாய்] [சேவல்] [நாய்] [பாத்திரம்] [குக்கர் விசில்] [நாய்] என்று கிடக்கிறது, அம்மாவின் கதையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதை யார் வாசிப்பார்கள்?

*அக்கா*
சித்தி, எல்லாவற்றையும் எழுத வேண்டாம். நான் பார்க்கிற முறை இது. பேசுகிறவரிடமிருந்தே வருகிற சத்தம், அதாவது இருமல், சிரிப்பு, பெருமூச்சு, அழுகை, இவை பேச்சோடு சேர்ந்தவை, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வந்ததோ அங்கேயே போட வேண்டும். வெளியிலிருந்து வருகிற சத்தம் சொல்லை மூடினால் போட வேண்டும். மூடாமல் தூரத்தில் நாய் குரைத்தால் விட்டுவிடலாம், பதிவு முழுக்க ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கிற பீலியில் (குழாய் வாய்க்காலில்) விழுகிற தண்ணீர்ச் சத்தம் மாதிரி என்றால் மேலே தலைப்புக்குக் கீழே ஒரு முறை எழுதினால் போதும். ஆனால் பேசுகிறவர் அந்தச் சத்தத்துக்குப் பதில் சொன்னால் அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விடக் கூடாது. அம்மாயி ஒரு இடத்தில் "இந்தா, இதுக்குத்தான் நாங்க ஓடுவோம்" என்கிறார். எதுக்கு? பின்னால் ஸ்டோர் சங்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு, ஊதுகிறது. [ஸ்டோர் சங்கு] என்று எழுதாவிட்டால் வாசிக்கிறவருக்கு அந்த வசனமே புரியாது.

*தம்பி*
அக்கா சொல்வதோடு ஒன்று. ஈலான் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, நெதர்லாந்தில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கியது. அதில் பேச்சுக்கு ஒரு வரி, சத்தத்துக்குக் கீழே தனி வரி, இரண்டும் ஒரே நேரக்கோட்டில் ஓடும். வாசிக்கக் கொடுக்கும்போது பேச்சு வரியை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். சித்தியின் நாய்கள் எல்லாம் கீழ் வரியில் இருந்துவிட்டுப் போகட்டும்.

*பண்டாரவளை சித்தி*
அது நல்லது. லெப்டொப்பில் போட்டுத் தா, பழகிக்கொள்கிறேன்.

*ஹட்டன் மாமா*
தம்பி, பேச்சைத் தானாக எழுதுகிற கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, அதில் போட்டால் என்ன?

*தம்பி*
போட்டுப் பார்த்தேன் மாமா. 2022இல் வந்த விஸ்பர் என்கிற, பேச்சை எழுத்தாக்கும் கணினி மாதிரி (மொடல்). தெளிவான இடத்தில் ஓரளவு எழுதுகிறது. ஆனால் பேச்சே இல்லாமல் சத்தம் மட்டும் இருக்கிற இடத்தில் யாரும் சொல்லாத வசனத்தை நம்பும்படி எழுதி வைக்கும், அது எல்லோருக்கும் தெரிந்த அதன் குறைதான், உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அதனால் மனிதர்கள் சத்தத்தைக் குறித்து வைப்பது இன்னும் முக்கியம். இந்த மாதிரிகள் ஒலியையும் எழுத்தையும் சோடியாக வைத்துத்தான் கற்கின்றன, மழை மட்டும் கேட்கிற இடத்துக்கு நேராக ஒரு வசனம் இருந்தால் மழையைப் பேச்சு என்று கற்கும். அமெரிக்காவில் 1990 வாக்கில் தொலைபேசி உரையாடல்களைச் சேர்த்த ஸ்விட்ச்போர்ட் தொகுப்பிலேயே சிரிப்புக்கு ஒரு குறி, வாயிலிருந்து வருகிற சத்தத்துக்கு ஒரு குறி, மற்றச் சத்தத்துக்கு ஒரு குறி என்று பிரித்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே குறியைப் பயன்படுத்த வேண்டும், மாமா [மழை] சித்தி [மழைச் சத்தம்] நான் [தகரம்] என்று போட்டால் பிறகு தேடவே முடியாது.

*தம்பி*
அப்புறம் யாரும் பதிவைச் 'சுத்தம்' செய்யாதீர்கள். மழை இரைச்சலும் 'ச', 'ஸ' உச்சரிக்கும்போது வருகிற காற்றொலியும் ஒரே மேல் அலைவரிசையில் கலந்து கிடக்கும், மழையைக் கழிக்கப் போனால் அந்த எழுத்துகளும் சேர்ந்து போகும். மூலப் பதிவு அப்படியே இருக்கட்டும், வேண்டுமானால் ஒரு பிரதியில் செய்து கேளுங்கள்.

*பெரியப்பா*
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். காமன் கூத்து நேரம் எடுத்த பதிவில் யாரோ [பின்னணி இரைச்சல்] என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு மேளம். இரைச்சல் இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் சேர்ப்பதற்கு) ஆள் கூப்பிட்டதும் அதே தப்புதான், சாவுக்கும் திருவிழாவுக்கும் அதே தப்புதான், ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. கேட்டால் எந்த வீட்டில் என்ன என்று தெரியும்.

*அக்கா*
பெரியப்பா, அதை எழுதியது நம் வீட்டு ஆள் இல்லை, உதவிக்கு வந்த ஒருவர், அவருக்குத் தெரிந்திருக்காது. [தப்பு] என்று மாற்றுகிறேன். என்ன அடி என்பதை நீங்கள் கேட்டுச் சொன்னால் அதையும் சேர்த்து எழுதுவேன். அது வேறு யாராலும் முடியாத வேலை.

*பெரியப்பா*
அனுப்பு. இன்று இரவே கேட்கிறேன்.

*பண்டாரவளை சித்தி*
இன்னொன்று கேட்க வேண்டும். அம்மாவின் பேச்சுக்குப் பின்னால் பக்கத்துக் காம்பராவில் சண்டை. லயத்தில் வரிசை வீடுகளுக்கு இடையில் ஒரு நடுச்சுவர்தானே, காசு விஷயம், பெயர் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. அதையும் எழுதவா?

*அக்கா*
வேண்டவே வேண்டாம் சித்தி. அம்மாயியிடம் கேட்டுத்தான் பதிந்தோம், அவர்களிடம் நாம் கேட்கவில்லை. [பின்னணிப் பேச்சு] என்று மட்டும் போடுங்கள், ஒரு சொல் கூட எழுத வேண்டாம், பெயர் வருகிற பகுதியை இந்தக் குழுவிலும் போட வேண்டாம். ஒலிப்பதிவிலும் அது இருக்கிறதே, வெளியாட்களுக்குக் கொடுக்கும் பிரதியில் அந்தத் துண்டை மௌனமாக்கி, மௌனமாக்கியதையும் குறித்து வைப்போம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

*பண்டாரவளை சித்தி*
சரி, நீ சொல்வது நியாயம். எழுதியதை அழிக்கிறேன்.

*ஹட்டன் மாமா*
நானும் அந்தக் கப்பல் வசனத்தை எடுத்துவிட்டேன். ஆனால் மனது கேட்கவில்லை மகள். ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா எடுப்பதாக எழுதியது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். எங்கள் பெரியம்மா போன அன்று என்ன நடந்தது என்பது அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது. மறுபடி கேட்டு அந்த இடத்தில் நிரப்பலாமா?

*அக்கா*
மறுபடி கேளுங்கள் மாமா, கட்டாயம் கேளுங்கள். ஆனால் பழைய இடத்தில் ஒட்ட வேண்டாம். இரண்டாம் முறை சொல்லும்போது வேறு மாதிரி சொல்வார், அதற்கும் மதிப்பு இருக்கிறது. தனிப் பதிவாகத் தேதியோடு வையுங்கள், பழையதில் "இந்த இடத்தைப் பற்றி இன்ன தேதிப் பதிவில் பேசியிருக்கிறார்" என்று ஒரு குறிப்பு போதும்.

*தம்பி*
மாமா, வாட்ஸ்அப் வொய்ஸாக எடுக்காதீர்கள், அது சுருக்கிவிடும். போனில் ரெக்கோர்டர் இருக்கிறது, அதில் வேவ் என்று தெரிவு செய்யுங்கள். போனை அம்மாயிக்குக் கிட்ட, மெத்தை மேல் துணி விரித்து வையுங்கள், மேசையில் வைத்தால் தட்டுகிறதெல்லாம் ஏறும்.

*ஹட்டன் மாமா*
ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போகிறேன். இப்போதெல்லாம் மழை மத்தியானத்துக்குப் பிறகுதான் இறங்குகிறது.