டெய்லி நடந்தா மனசு சரியாகும்னு டாக்டர் சொல்றார், 11 நாள் போயாச்சு, ஒன்னும் தெரியல. நிஜமாவே வேலை செய்யுமா?

ஜிஎஸ்டி_குமாஸ்தா

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க.

வயசு 36, கோயமுத்தூர். ஆடிட்டர் ஆபீஸ்ல ரிட்டர்ன் ஃபைலிங் பாக்கறேன், காலைல ஒன்பதரைக்கு சேர்ல உக்காந்தா மதியம் கை கழுவ எந்திரிக்கறதோட சரி, மாசம் 20ஆம் தேதி நெருங்கிடுச்சுன்னா சாப்பாடும் டேபிள்லயேதான். போன வருஷம் ஆடி மாசம் அப்பா தவறிட்டாரு. காரியமெல்லாம் முடிஞ்சு பத்து நாள்ல ஆபீஸ் போயிட்டேன், பரவால்ல பையன் தேறிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். நாலஞ்சு மாசம் கழிச்சுதான் ஆரம்பிச்சுது. ராத்திரி மூணு மணிக்கு டக்குனு முழிப்பு, அப்புறம் விடியற வரைக்கும் ஃபேன் சுத்தறத பாத்துட்டு படுத்திருப்பேன். பையன் பென்சில தொலைச்சதுக்கு அக்கம்பக்கம் கேக்கற மாதிரி கத்தியிருக்கேன். மேட்ச் நடந்தா ஸ்கோர் கூட பாக்கத் தோணல.

கடைசில வீட்ல புடிச்சு இழுக்காத குறையா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாங்க. தைராய்டு, பி12 எல்லாம் பாத்துட்டு அது நார்மல், இது டிப்ரஷன்னு சொல்லி ராத்திரிக்கு ஒரு மாத்திரை குடுத்தாரு. கூடவே தினமும் 40 நிமிஷம் வேகமா நடங்கன்னாரு. சரின்னு வாலாங்குளம் பக்கம் 11 நாள் போனேன். நடக்கறப்பவும் அதே யோசனைதான் ஓடுது, அந்த ஐசியு வாசல்ல போட்டிருந்த இரும்பு சேர், அந்த ஃபினாயில் வாசம். 12ஆவது நாள் மழை, அதோட நின்னு போச்சு. சொல்லவே வெக்கமா இருக்கு, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜிம்முக்கு ஒரு வருஷப் பணம் கட்டிட்டு ஒன்பது நாள் போன ஆளுதான் நான்.

ரெண்டு கேள்வி. இந்த நடக்கறது ஓடறதெல்லாம் நிஜமாவே மனசுக்கு ஏதாச்சும் பண்ணுதா, இல்ல டாக்டருங்க எல்லாத்துக்கும் சொல்றதுதானா? அப்புறம், நல்லா நடக்க ஆரம்பிச்சுட்டா மாத்திரைய விட்டுடலாமா?

---

பீஸ்ட்மோட்_சரண்

ப்ரோ நோ பெயின் நோ கெயின். காலைல 5 மணி, கோல்டு வாட்டர், 100 புஷ்அப்ஸ். 21 நாள்ல புது ஆளா மாறிடுவ. மைண்ட்தான் எல்லாம்.

---

வார்டு_நர்ஸ்

மேல இருக்கற கமெண்ட்ட விட்டுடுங்க. மூணு மணிக்கு முழிச்சு ஃபேன பாக்கறவர்கிட்ட போய் 100 புஷ்அப்ஸ்ங்கறாரு.

நான் மனநலப் பிரிவுல நர்ஸா இருக்கேன், உங்க ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். மாத்திரைய நீங்களா நிறுத்தவே கூடாது. நல்லா ஆன மாதிரி தோணும், நிறுத்துவாங்க, தலை சுத்தல் எரிச்சல்னு வரும், கொஞ்ச நாள்ல பழைய நெலமைக்கே திரும்பி வந்து நிப்பாங்க, இத வாரா வாரம் பாக்கறேன். எப்ப குறைக்கணும் எவ்வளவு குறைக்கணும்னு எழுதிக் குடுத்த டாக்டர்தான் சொல்லணும். அதோட அந்த மாத்திரை வேலை செய்யவே ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. 11 நாள்ல நடையும் சரி மாத்திரையும் சரி, ரிசல்ட் பாக்கறது டூ மச்.

இப்ப மொதல் கேள்வி. வேலை செய்யுது, ஆனா வாட்ஸ்அப்ல வர்ற அளவுக்கு மேஜிக் இல்ல. அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டில 1999ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 50 வயசு தாண்டின டிப்ரஷன் உள்ளவங்க 156 பேர், ஒரு குரூப்புக்கு எக்சர்சைஸ் மட்டும், ஒன்னுக்கு செர்ட்ராலின்ங்கற டிப்ரஷன் மாத்திரை மட்டும், ஒன்னுக்கு ரெண்டும். 16 வாரம் கழிச்சு பாத்தா மூணு குரூப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தாங்க. ஆனா மாத்திரை எடுத்தவங்களுக்கு ஆரம்பத்துல சீக்கிரம் குறைஞ்சுது, எக்சர்சைஸ் லேட்டா புடிச்சு மேல வந்துச்சு. அதான் உங்களுக்கு ரெண்டையும் சேத்து குடுத்திருக்காரு, டாக்டர் ஒன்னும் சும்மா சொல்லல. இன்னொன்னும் சொல்லணும், அதுல சேந்தவங்க எல்லாம் தானா விருப்பப்பட்டு வந்தவங்க, படுக்கைய விட்டே எந்திரிக்க முடியாதவங்க அந்த கணக்குல வரமாட்டாங்க. அதனால "நடந்தா போதும் டாக்டர் வேண்டாம்"னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

நார்வேல கிட்டத்தட்ட 34,000 பேர 11 வருஷம் தொடர்ந்து பாத்து 2017ல வெளியிட்டாங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம் எக்சர்சைஸ் பண்ணியிருந்தாலே பின்னாடி வந்த டிப்ரஷன் கேஸ்ல 12 சதவீதம் தடுத்திருக்கலாம்னு ஒரு கணக்கு. மூச்சு வாங்க ஓடினாங்களா மெதுவா நடந்தாங்களாங்கறதுல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா அதே ஆராய்ச்சில பதட்ட நோய்க்கு அந்த பலன் தெரியல, இத யாரும் ஃபார்வேர்டு பண்ண மாட்டாங்க.

உங்க டாக்டர் சொன்ன 40 நிமிஷம்னதும் ஞாபகம் வந்துச்சு. 2011ல 55 வயசுக்கு மேல 120 பேர், பாதிப் பேர் வாரம் மூணு நாள் 40 நிமிஷ நடை, மீதிப் பேர் சும்மா ஸ்ட்ரெச்சிங். ஒரு வருஷம் கழிச்சு ஸ்கேன் பண்ணா நடந்தவங்களுக்கு ஹிப்போகேம்பஸ்ங்கற மூளைப் பகுதி, ஞாபக சக்திக்கு முக்கியமான இடம், 2 சதவீதம் பெருசாகியிருந்துச்சு, மத்தவங்களுக்கு வயசுக்கேத்த மாதிரி சுருங்கியிருந்துச்சு.

அப்புறம் தினமும்னு வெச்சுக்கிட்டா ஒரு நாள் விட்டதும் எல்லாமே போச்சுன்னு ஆயிடும், அதுதான் உங்க 12ஆவது நாள்ல நடந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷம். 40 நிமிஷம் நாலு நாள் நடந்தா 160. மூணு நாள் மழைக்கு விட்டுக்குடுக்கலாம். வேகம் எப்படி தெரியும்னா, நடக்கறப்ப பேச முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது.

இத படிக்கற வேற யாருக்காச்சும் ராத்திரில ரொம்ப முடியலன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு கவர்மெண்டோட மனநல உதவி லைன், காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

---

பழைய_ஸ்டீரிங்

தம்பி, நான் கவர்மெண்டு பஸ்சுல 31 வருசம் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவனுங்க. நர்ஸம்மா சொல்ற ஆராய்ச்சியெல்லாம் நமக்கு தெரியாது, என் கதைய சொல்றேன்.

ரிட்டையர் ஆகி மூணு மாசம் வீட்ல திண்ணைலயே உக்காந்திருந்தேன். விடிகாலைல நாலு மணிக்கு தானா முழிப்பு வந்துரும், போறதுக்கு டெப்போ இல்ல. எதுக்கு எந்திரிக்கறோம்னே தெரியாது. என்கூட 12 வருசம் ஓடின கண்டக்டர் ஒருத்தன் வந்து ரேஸ்கோர்சுக்கு கூட்டிட்டு போனான். ஒரு சுத்து ரெண்டரை கிலோமீட்டர், ஒரு சுத்துக்கே எனக்கு தஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு, அவனுக்கு ஒன்னுமே இல்லீங்க. நான் உக்காந்தே சம்பாதிச்சேன், அவன் பஸ்சுக்குள்ள நடந்தே சம்பாதிச்சான், அவ்வளவுதான் வித்தியாசம்.

மொத ஒரு மாசம் எனக்கும் மனசுல ஒன்னும் தெரியல. ஆனா அஞ்சே முக்காலுக்கு அந்த தூங்குமூஞ்சி மரத்தடில அவன் நிப்பான். நான் போகலைன்னா ஃபோன் அடிச்சு டெப்போ பாசைல திட்டுவான். அவன் திட்டுக்கு பயந்துதான் போனேன். முடிச்சுட்டு அருகம்புல் ஜூஸ் குடிப்போம், அது ஒன்னும் பெரிய ருசியில்ல, ஆனா அந்த கால் மணி நேரப் பேச்சு இருக்குது பாருங்க.

நீங்க தனியா போறீங்க, அதான் ஐசியு வாசல் கூடவே வருது. ஒரு ஆள புடிங்க தம்பி. அப்பா போன துக்கத்த நடந்து கரைக்க முடியாதுங்க, அது இருக்கும். கூட ஒருத்தன் நடந்தா அத வாயால சொல்லலாம்.

---

வார்டு_நர்ஸ்

ஐயா, நீங்க சொன்ன டிரைவர் கண்டக்டர் கதை அப்படியே லண்டன்ல நடந்திருக்கு தெரியுமா! ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர் 1953ல வெளியிட்டாரு, டபுள் டெக்கர் பஸ்ல நாள் பூரா படி ஏறி இறங்கின கண்டக்டர்கள விட உக்காந்தே ஓட்டின டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம்னு. உடல் உழைப்புக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்னு இன்னிக்கு நடக்கற ஆராய்ச்சிக்கெல்லாம் அந்த பஸ்தான் ஆரம்பம்னே சொல்லலாம்.

---

பழைய_ஸ்டீரிங்

அந்த கண்டக்டர்கிட்ட இத சொல்லவே மாட்டேன், தலைகால் தெரியாம ஆடுவான்.

---

ஆறாவது_மாடி

நர்ஸ் அக்கா பதட்டத்துக்கு பலன் தெரியலன்னு சொன்னதால எழுதறேன். எனக்கு பேனிக் அட்டாக், வயசு 27, சென்னை ஓஎம்ஆர் பக்கம் வேலை. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு கை விரல்லாம் மரத்துப் போயிடும். ஹார்ட் அட்டாக்னு நெனச்சு ரெண்டு தடவ நைட்டு கேஷுவாலிட்டி போயிருக்கேன், ரெண்டு தடவயும் ஈசிஜி நார்மல், கேஸ் ட்ரபுளா இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் பயந்துட்டு படி ஏறவே மாட்டேன், பஸ்ஸ புடிக்க ஓட மாட்டேன், நெஞ்சு வேகமா அடிச்சாலே வந்துடுச்சுன்னு பயம்.

அப்புறம் ஒரு கவுன்சிலர்கிட்ட போனேன், அவங்க டாக்டர்கிட்ட கேட்டு ஹார்ட் சரியா இருக்குன்னு உறுதி பண்ணிட்டு, லிஃப்ட்ட விட்டுட்டு படி ஏற சொன்னாங்க. எங்க அபார்ட்மெண்ட்ல ஆறு மாடி. மொத நாள் மூணாவது மாடில கைப்பிடிய புடிச்சுட்டு உக்காந்துட்டேன், அதே படபடப்பு, அதே வியர்வை. ஆனா இந்த தடவ காரணம் கண்ணு முன்னாடி இருக்கு, படி ஏறினேன் அதான் அடிக்குது, ரெண்டு நிமிஷத்துல அதுவே அடங்குது. தினமும் இதையே பண்ணி பண்ணி, நெஞ்சு வேகமா அடிக்கறதும் சாகப் போறதும் வேற வேறன்னு உடம்புக்கு மெல்ல புரிஞ்சுது. இப்பவும் எப்பயாச்சும் வரும், வந்தா "சரி ஆறாவது மாடி"ன்னு சொல்லிக்குவேன். அதான் ஐடி பேரே இது :)

---

மொட்டமாடி_மதுரை

ஆம்பளைங்க எல்லாம் குளம், ரேஸ்கோர்ஸ்னு பேசுறீங்க, நல்லாருங்க. எங்க தெருவுல விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஒரு பொம்பள தனியா இறங்கி நடக்க முடியுமாண்ணே, பாதி நாய், மீதி "எங்க கெளம்பிட்ட"ன்னு கேக்குற சனம். வீட்டு வேலை செய்யிறதே எக்சர்சைஸ்தானேம்பாக எங்க மாமியார். இல்லவே இல்ல, வேலை செஞ்சு முடிச்சா அலுப்புதான் மிஞ்சுது, அடுப்பு முன்னாடி நிக்கிற ரெண்டு மணி நேரத்துல மனசு அதே எடத்துலதான் நிக்கும்.

நான் மொட்டமாடில தண்ணித் தொட்டிக்கும் கொடிக் கம்பத்துக்கும் நடுவுல சாக்பீஸால பெருசா எட்டு போட்டு நடக்க ஆரம்பிச்சேன். பக்கத்து மாடி அக்கா நாலு நாளு வேடிக்கை பாத்துட்டு அவுக மாடிலயும் ஒரு எட்டு போட்டுட்டாக. ரெண்டு எட்டும் இப்ப கத்திக் கத்தி பேசிக்கிட்டே நடக்குது, தெரு பூரா எங்க வீட்டுச் சமாச்சாரம் தெரியும்.

போன வருசம் மக சிலம்பம் சேந்துச்சு, கொண்டு விடப் போன எடத்துல ஆசான் நீங்களும் புடிங்கம்மான்னாரு. 41 வயசுல. மொத வாரம் என் கணுக்கால நானே அடிச்சு வீங்கிப் போச்சு. ஆனா ஒன்னு சொல்லவா, கம்பு சுத்தும்போது வேற நெனப்பே வராது, வந்தா கம்பு காதுல விழுகும். பாக்கிறதுக்கு வெளையாட்டு மாதிரி இருக்கும், இடது கைய பழக்கவே எனக்கு மூணு மாசமாச்சு. அந்த இடது கை படிஞ்ச அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தேன், லூசு மாதிரி. நான் வேலை பாக்குற ஸ்கூல்ல வருசா வருசம் எக்ஸ்ட்ரா ட்யூட்டிய எந்தலைல கட்டுவாக, இந்த வருசம் முடியாது சார்னுட்டேன். குரலு கூட நடுங்கல. அதுக்கும் கம்புக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது, ஆனா முன்னாடி எனக்கு அது வந்ததில்ல.

---

வார்டு_நர்ஸ்

மதுரை அக்கா சூப்பர். இன்னொரு சின்ன விஷயம், எக்சர்சைஸ் பண்ணா உடம்புல எண்டார்ஃபின்னு ஒன்னு சுரந்து சந்தோஷம் வரும்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, ரத்தத்துல இருக்கற எண்டார்ஃபின் மூளைக்குள்ள சுலபமா போகாது. ஓடி முடிச்சதும் வர்ற அந்த லேசான சந்தோஷத்துக்கு உடம்பே தயாரிக்கற அனந்தமைடுங்கற பொருள் முக்கிய காரணமா இருக்கலாம்னு இப்ப சொல்றாங்க. 1992ல கண்டுபிடிச்சவங்க நம்ம ஆனந்தத்துலேர்ந்துதான் அந்த பேர எடுத்து வெச்சாங்க.

---

ஜிஎஸ்டி_குமாஸ்தா (அஞ்சு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றி, லேட்டா வர்றதுக்கு மன்னிக்கணும், நடுவுல 20ஆம் தேதி வந்துடுச்சு.

மாத்திரை ஓடிட்டு இருக்கு, டாக்டர் ஆறு மாசமாச்சும் ஆகும்னுட்டாரு. நடை வாரம் நாலு நாள்னு வெச்சுக்கிட்டேன், ஒரு வாரம் ரெண்டு நாள்தான் போக முடிஞ்சுது, ஆனா இந்த தடவ அதோட நிக்கல. ஆள் புடிக்க சொன்னாரு ஐயா, யாரும் கிடைக்கல, கடைசில எங்க சித்தப்பா, அப்பாவோட தம்பி, சிங்காநல்லூர்லேர்ந்து வண்டில வந்துடறாரு. மொத வாரம் ரெண்டு பேரும் வெறும் பெட்ரோல் விலை, வெயில்னு பேசினோம். மூணாவது வாரம் சித்தப்பா அவராவே, அப்பா சின்ன வயசுல சைக்கிள் வாடகைக்கு எடுத்துட்டு போய் கெணத்துக்குள்ள தள்ளின கதைய சொன்னாரு. எனக்கு தெரியவே தெரியாத கதை. நடு ரோட்டுல நின்னு சிரிச்சேன், அப்புறம் அழுதுட்டேன், அவரும்தான்.

தூக்கம் இப்ப நாலரை வரைக்கும் வருது. முழுசா சரியாச்சுன்னு சொல்ல மாட்டேன், ஞாயித்துக்கிழம சாயங்காலம் இன்னும் கஷ்டம்தான்.

ஒரு டவுட்டு. ஒரு வாரமா காலைல எந்திரிச்சு மொத அடி வெச்சா குதிகால்ல ஆணி குத்தற மாதிரி வலி, கொஞ்ச தூரம் நடந்தா போயிடுது. இது எதனால?

---

பழைய_ஸ்டீரிங்

கால்ல என்ன போட்டு நடக்கறீங்க தம்பி?

---

ஜிஎஸ்டி_குமாஸ்தா

ஆபீஸ் செருப்புதான்ங்க.

---

பழைய_ஸ்டீரிங்

அதான பாத்தேன். நாளைக்கே ஒரு ஷூ வாங்குங்க, சித்தப்பாவுக்கும் சேத்து. வலி ரெண்டு வாரத்துல போகலைன்னா கால் டாக்டர்கிட்ட காட்டிருங்க.