பதினைந்து நிமிடக் கடிகாரம்: டிவியில் என்எஃப்எல் டிராஃப்ட் பார்த்த காலம்

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முதலில் சப்பென்றுதான் இருக்கும். சுத்தியல் கிடையாது, விலை கேட்பவர் கிடையாது. போன பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர் ஒருவர் பெயரை அட்டையில் எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. 1936-இலிருந்து இப்படித்தான் நடக்கிறது. 1979 செப்டம்பரில் பிறந்த ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலுக்கு நாள் முழுக்க ஓட்டுவதற்குச் சரக்கு வேண்டியிருந்தது. டிராஃப்டைக் காட்டுகிறோம் என்று சேனல் தலைவர் செட் சிம்மன்ஸ் போய்க் கேட்டபோது, இதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதுதான் லீக் ஆணையர் பீட் ரோசெலின் சந்தேகம். அணி உரிமையாளர்களுக்கும் இஷ்டமில்லை. ஆனாலும் 1980 ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை, நியூயார்க் ஓட்டலிலிருந்து நேரலை போனது. முதல் பெயர் டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்த பில்லி சிம்ஸ். அப்போது 28 அணிகள், 12 சுற்று.

அந்தக் கால ஒளிபரப்பில் எதை ரசித்தீர்கள்? ஆளாளுக்குச் சொல்லுங்கள். என் பதில் அந்தக் கடிகாரம். முதல் சுற்றில் பெயர் சொல்ல ஓர் அணிக்கு 15 நிமிடம்.

*

நானும் கடிகாரக் கட்சிதான். அந்த 15 நிமிடத்தில் திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்து பார்த்தால் சுவை இரட்டிப்பாகும். முடிவெடுப்பவர்கள் நியூயார்க்கில் இல்லை. அவரவர் ஊரில், அணி அலுவலகத்தில் இருப்பார்கள். அரங்கில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு மேஜை, அதில் இரண்டு மூன்று பேர், ஒரு தொலைபேசி. சில வருடங்கள் அந்தத் தொலைபேசியே ஹெல்மெட் வடிவத்தில் இருக்கும். ஊரிலிருந்து பெயர் வந்ததும் மேஜைக்காரர் அட்டையில் ஆட்டக்காரர் பெயர், களத்தில் ஆடும் இடம், கல்லூரி எழுதி லீக் ஆளிடம் நீட்ட வேண்டும். அட்டை கைமாறினால்தான் தேர்வு. முன்மேஜைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆணையர் மைக்குக்கு வருவார்.

அதனால் கேமரா மேஜைப் பக்கம் திரும்பினால் கையைப் பார்க்க வேண்டும். பேனா ஓடுகிறதா? இல்லை, ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி சும்மா நிற்கிறாரா? நின்றால் தேர்வு இடத்தை வேறு அணியோடு மாற்றிக்கொள்ளப் பேரம் நடக்கிறது என்று அர்த்தம்.

*

பேரம் சொதப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2003 ஒன்றே போதும். மினசோட்டா வைக்கிங்ஸுக்குத் தேர்வு வரிசையில் 7-ஆவது இடம். பால்டிமோருடன் இடம் மாற்றப் பேசிக்கொண்டிருந்தார்கள். விதிப்படி இரண்டு அணியும் தனித்தனியாக லீக்குக்குச் சொன்னால்தான் மாற்றம் செல்லும். அது நடப்பதற்குள் 15 நிமிடமும் தீர்ந்துவிட்டது.

நேரம் போனால் தேர்வு பறிபோகாது. ஆனால் அடுத்த அணி முந்திக்கொள்ளலாம். ஜாக்சன்வில் ஓடிப்போய் பைரன் லெஃப்ட்விச் பெயரைக் கொடுத்தது, பின்னாலேயே கரோலினா ஜோர்டன் கிராஸ் பெயரை. வைக்கிங்ஸ் 9-ஆவதாக கெவின் வில்லியம்ஸை எடுத்தது. மானம் போனாலும் ஆள் நல்ல ஆள். வருடக்கணக்கில் நடுத்தடுப்பில் தூணாக நின்றார்.

*

பேர மதிப்பைக் கணக்குப் போட்டுக்கொண்டே பார்ப்பவர்களுக்கு: டல்லாஸ் கவ்பாய்ஸில் ஜிம்மி ஜான்சன் காலத்தில் பிறந்த புள்ளி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1-ஆம் இடம் 3000, 2-ஆம் இடம் 2600, 3-க்கு 2200, 5-க்கு 1700, 10-க்கு 1300, 16-க்கு 1000, 32-க்கு 590. இரு பக்கமும் கூட்டிப் பார்த்தால் யார் ஏமாந்தார்கள் என்று வர்ணனையாளர் சொல்வதற்கு முன்னே தெரியும். அடுத்த வருடத் தேர்வு என்றால் ஒரு சுற்று குறைத்துப் போடுவது வழக்கம்.

அட்டவணை எங்கே காலை வாரும் என்பதற்கு 2001. அட்லாண்டா மைக்கேல் விக்குக்காக முதல் இடத்தை வாங்கியது. சான் டியேகோவுக்குக் கிடைத்தவை 5-ஆம் இடம் (1700), 67-ஆம் இடம் (255), அடுத்த வருட இரண்டாம் சுற்று, கூடவே டிம் டுவைட் என்ற ஆட்டக்காரர். அந்த வருட இடங்களை மட்டும் கூட்டினால் 1955. 3000-க்கு 1045 குறைவு. ஏமாந்த பேரம் என்றுதான் காகிதம் சொல்லும். ஆனால் அந்த 5-ஆம் இடத்தில் வந்தவர் பின்னாளில் பெரிய நட்சத்திரமான லடேனியன் டாம்லின்சன். புள்ளிக்கு ஆளைத் தெரியாது.

*

கூச்சலை விட்டுவிட்டீர்களே! நியூயார்க்கில் நடந்ததால் உள்ளூர் அணியான ஜெட்ஸின் ரசிகர்கள் அரங்க மாடியை நிரப்பிவிடுவார்கள். 1983-இல் முதல் சுற்றில் மட்டும் ஆறு குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்கள். டேன் மரினோ இன்னும் மிச்சமிருக்க, 24-இல் ஜெட்ஸ் கென் ஓப்ரையனை எடுத்தது. மூன்று இடம் தள்ளி 27-இல் மரினோ, அதுவும் ஜெட்ஸ் வருடம் இரண்டு முறை மோதியாக வேண்டிய மயாமிக்கு. 1995-இல் வாரன் சாப் வேண்டுமென்று கத்தினார்கள். ஜெட்ஸ் கைல் பிரேடியை எடுத்தது. 1999-இல் பஸ் பிடித்து வந்த பிலடெல்பியாக்காரர்கள் தங்கள் அணி எடுத்த டோனவன் மெக்னாபை வேண்டாமென்று கத்தித் தீர்த்தார்கள். பின்னாளில் அவர்தான் அவர்களை லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். மாடியின் தீர்ப்பை அப்படியே நம்பிவிட முடியாது.

ஈஎஸ்பிஎன்னின் டிராஃப்ட் விமர்சகர் மெல் கைப்பரும் அப்படித்தான். 1994-இல் இண்டியானாபொலிஸ் ட்ரென்ட் டில்ஃபரை விட்டுவிட்டு ட்ரெவ் ஆல்பர்ட்ஸை எடுத்ததற்கு அவர் பொரிந்து தள்ள, அணி நிர்வாகி பில் டோபின் கேமரா முன்பே, யார் இந்த மெல் கைப்பர், என் பக்கத்து வீட்டுத் தபால்காரரைவிட இவருக்கு ஒன்றும் தகுதி அதிகமில்லை என்கிற ரீதியில் பதிலடி கொடுத்தார். ஆல்பர்ட்ஸ் காயங்களால் மூன்றே பருவத்தில் ஓய்ந்தார். அந்தச் சுற்று கைப்பருக்கு.

*

பழைய டேப் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் தொழில் விஷயம். 28 அணி, ஆளுக்கு 15 நிமிடம் என்றால் முதல் சுற்றே அதிகபட்சம் 7 மணி நேரம். டி-120 விஎச்எஸ் வீடியோ கேசட் எஸ்பி என்ற வழக்கமான வேகத்தில் 2 மணி, ஈபி என்ற மெதுவான வேகத்தில் 6 மணி. அதனால் எல்லோரும் ஈபியில்தான் பதிந்தார்கள். ஈபியில் நாடாவில் பதியும் ஒரு தடத்தின் அகலம் 19 மைக்ரான், எஸ்பியில் 58. இவ்வளவு ஒல்லியான தடத்தை வேறு விசிஆரின் ஹெட் சரியாகத் தொடாது. திரையின் குறுக்கே கோடு ஓடும். பதிந்த அதே மெஷின் இருந்தால் அதில்தான் ஓட்டிப் பிரதி எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஹெட்டைத் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங்கைக் கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஹைஃபை இல்லாத மெஷினில் பதிந்திருந்தால் ஒலி போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். அதை எந்த மென்பொருளாலும் முழுதாகத் தேற்ற முடியாது. 8 மணி பிடிக்கும் டி-160 வாங்கியவர்களுக்கு வேறு தலைவலி. அந்த நாடா மெல்லியது, இழுபட்டுச் சிக்கும்.

1983 டேப் பலவற்றில் தொடக்கமே இல்லாமல் போகக் காரணம் ஒன்று உண்டு. அந்த வருடம் கோடைக்கால நேரம் மாறியது ஏப்ரல் 24, ஞாயிறு. டிராஃப்ட் 26, செவ்வாய். விசிஆர் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளாமல் டைமர் வைத்துவிட்டு வேலைக்குப் போனால் பதிவு ஒரு மணி தாமதமாகத்தான் தொடங்கும். முதல் தேர்வாக ஜான் எல்வே பெயரை வாசித்த கணம் போச்சு.

*

2007-இல்தான் எல்லை மீறியது. முதல் சுற்று 6 மணி 8 நிமிடம். அரங்கில் காத்திருந்த குவாட்டர்பேக் பிரேடி குவின் 22-ஆவது பெயராக வரும் வரை கேமரா அவர் முகத்தை விடவே இல்லை. நடுவில் அவரை உள்ளே ஒரு தனி அறைக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அடுத்த வருடமே முதல் சுற்றுக்கு 10 நிமிடம், இரண்டாவதுக்கு 7 என்று வெட்டினார்கள். 2010-இல் வியாழன் இரவுக்கு மாற்றி மூன்று நாளாக்கினார்கள். இப்போது ஆணையர் மேடை ஏறுவதற்குள் பெயர் கைபேசியில் வந்துவிடுகிறது.

*

லேபிள் இல்லாத டேப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். மைக்கில் ரோசெல் என்றால் 1989 வரை. டாக்ளியாபூ என்றால் 1990 முதல் 2006 வரை. குடெல் என்றால் 2007-க்குப் பின். கோல்ட்ஸ் அணி இன்னும் இண்டியானாபொலிஸுக்குப் போகாமல் பால்டிமோரிலேயே இருந்தால் 1983 அல்லது முந்தையது. கரோலினாவும் ஜாக்சன்விலும் இருந்து கிளீவ்லாந்து காணோம் என்றால் 1996 முதல் 1998-க்குள். முதல் சுற்றுக் கடிகாரம் 10:00-இல் தொடங்கினால் 2008-க்கு முன் இருக்க வழியில்லை.

*

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். டிராஃப்ட் நாளும் டேப்பின் வருடத்தைச் சொல்லும். 1988-இல் டிராஃப்ட் வாரநாளை விட்டு மாறியது சனிக்கு அல்ல, ஞாயிறு–திங்களுக்கு. சனி–ஞாயிறு 1995-இல்தான். லேபிளில் 'சனி' என்று எழுதியிருந்து கோல்ட்ஸ் பால்டிமோராக இருந்தால், எழுதியவர் வாரக் கடைசியில் உட்கார்ந்து பிரதி எடுத்த நாளைக் குறித்திருக்கிறார்.