மின்சைக்கிள் மோட்டார் மணிக்கு 25 கி.மீ.-ல் நிற்காமல் 28 வரை இழுக்கிறது, உதவி தேவை

இடம் சிங்கப்பூர், பொங்கோல். அனுமதி பெற்றதற்கான ஆரஞ்சு முத்திரையும் பதிவு எண்ணும் உள்ள மின்சைக்கிள்: 36 வோல்ட், 250 வாட், பின்சக்கர ஹப் மோட்டார், டயர் 20 x 1.75. மூன்று வாரம் முன்பு டிஸ்பிளே பழுதாகி, கடையில் வேறு போட்டார்கள். அன்றிலிருந்து டிஸ்பிளே 25 காட்டும்போது ஃபோன் ஜிபிஎஸ் 28 காட்டுகிறது.

இங்கே மோட்டாரின் உந்துவிசை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நின்றாக வேண்டும். சைக்கிள் பாதையின் வேக வரம்பும் அதுதான். குழந்தைகள் ஓட்டும் பாதையில் இந்த மூன்று கிலோமீட்டர் கூடுதல் வேகத்தைச் சின்ன விஷயமாக விட முடியாது.

டயரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி அளந்தேன்: 151 செ.மீ. 18 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 135. டிஸ்பிளே சக்கரச் சுற்றளவை வைத்தே வேகத்தைக் கணக்கிடுகிறது; 25-ஐ 135-ஆல் வகுத்து 151-ஆல் பெருக்கினால் கணக்கு சரியாக 28-க்கு வருகிறது. புது டிஸ்பிளேயில் சக்கர அளவு 18 என்று பதிவாகியிருக்கிறது என்பதே என் முடிவு. டயரில் காற்று, மோட்டார் கேபிள் இணைப்பு, பெடல் சென்சார் மூன்றும் சரி. பேட்டரியைக் கழற்றி ரீசெட் செய்தும் மாற்றமில்லை. செட்டிங்ஸ் மெனு பாஸ்வேர்டு கேட்கிறது, கடைக்காரருக்கும் தெரியவில்லை. இப்போது பேட்டரி இல்லாமல்தான் ஓட்டுகிறேன்.

பூட்டிய டிஸ்பிளேயில் சக்கர அளவை 20-க்கு மாற்ற வழி உண்டா, இல்லை அசல் டிஸ்பிளேயையே வாங்கிப் போட வேண்டுமா?